‘சத்தம் போடாதே’ என்று சொல்வதற்கு முன்...



‘சத்தம் போடாதே!’ இந்த இரண்டு சொற்களையும் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்தது உண்டா? நான் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். காலையில் பள்ளி மணி அடித்தது முதல் பிள்ளைகள் வேன் ஏறும் வரை, ஒவ்வொரு முறை சொன்னபோதும் பாடக் குறிப்பேட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். கடைசியில் எண்ணினால் 34 கோடுகள்! இது நான் ஒருத்தி சொன்ன கணக்கு மட்டுமே. வீட்டில் தாய் சொல்வது, வேன் ஓட்டுநர் சொல்வது, கோயிலில் பெரியவர்கள் சொல்வது எல்லாம் தனிக் கணக்கு.

இப்படி எண்ணிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் ஒரு பள்ளிச் சுற்றுலா. அதில் நான் செய்த ஒரு பிழையையும், பிறகு அதைத் திருத்திக்கொள்ள முயன்றதையும் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகளைப் பூங்காவுக்கும் காட்டுக்கும் அழைத்துப் போகும் பெற்றோருக்கு இது பயன்படக்கூடும்.

பறந்து போன கொக்குகள்

எங்கள் பள்ளி செம்பனைத் தோட்டத்தின் நடுவே உள்ள சிறிய பள்ளி. பிள்ளைகளில் பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். மீதிப் பேர் பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடி வீடுகளிலிருந்து வருகிறவர்கள். சில ஆண்டுகளுக்கு முன், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் உதவியோடு ஒரு பஸ் அமர்த்தி, 38 பிள்ளைகளைக் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். உடன் வந்த ஆசிரியர்கள் என்னையும் சேர்த்து மூவர்.

அந்தப் பூங்காவுக்குப் போகாதவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். புக்கிட் மெலாவத்தி என்னும் குன்றின் அடிவாரத்தில், சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில் அது இருக்கிறது. 1987ஆம் ஆண்டில் மலேசிய இயற்கைக் கழகமும் சிலாங்கூர் மாநில அரசும் கைகோத்து அதை உருவாக்கின. உள்ளே ஒரு பக்கம் மரக்காடு, நடுவில் ஏரி, கடலோரமாகச் சதுப்பு நிலக் காடு. கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் சாதாரணமாகக் கண்ணில் படும். ஊஞ்சலோ சறுக்கு மரமோ நாடி யாரும் அங்கே போவதில்லை. பார்ப்பதற்கும் கேட்பதற்குமான இடம் அது.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் நான் முன்கூட்டியே சொல்லவில்லை. ‘பூங்காவுக்குப் போகிறோம்’ என்று மட்டும் சொன்னேன். பூங்கா என்றால் அவர்களுக்கு விளையாட்டுத் திடல்தானே! பஸ் நின்று கதவு திறந்ததும் மடை திறந்த வெள்ளம் போல் ஓடினார்கள். ஏரிக்கரையை எட்டியதும் ஒருவன், “டேய், கொக்குடா!” என்று கத்தினான். உடனே முப்பது தொண்டைகள் சேர்ந்து கத்தின. தண்ணீரில் நின்ற கொக்குக் கூட்டம் ஒரே வீச்சில் எழும்பி, மரங்களுக்கு அப்பால் போய் மறைந்தது.

கரையில் சீனப் பெரியவர் ஒருவர் முக்காலியில் புகைப்படக் கருவியைப் பொருத்திவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் மெல்ல எழுந்து வந்து, “சிக்கு, நான் காலை ஏழு மணியிலிருந்து காத்திருந்தேன்” என்று மலாயில் சொன்னார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கம் கோபமாக மாறிப் பிள்ளைகள் மேல் பாய்ந்தது. எல்லாரையும் வரிசையில் நிறுத்தினேன். “சாப்பாட்டு நேரம் வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது” என்று கட்டளையிட்டேன்.

அந்த வரிசையில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். பேச்சு திக்கும். வகுப்பில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். அவன் குரலை நாள் கணக்கில் கேட்காமல் இருந்ததும் உண்டு. காட்டுப் பாதையில் நடந்துகொண்டிருந்தபோது, திடீரென்று அவன் வரிசையை விட்டு விலகி, மேலே கையை நீட்டி, “டீச்சர்! ஆரஞ்சுக் குட்டி! ஆரஞ்சுக் குட்டி!” என்று கூவினான். ஓர் எழுத்துகூடத் திக்கவில்லை.

அவன் கண்டது உண்மையே. அங்கே வாழும் சாம்பல் நிற இலைக்குரங்கின் குட்டி, பிறக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சில மாதங்களில் அந்த நிறம் மாறித் தாயைப் போல் ஆகிவிடும். அதைப் பார்க்கவே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆனால் நான் மேலே பார்க்கவில்லை. அவன் தோளைப் பிடித்து வரிசைக்குள் இழுத்து, “வாயை மூடு” என்றேன். மூடிக்கொண்டான்.

மறுநாள் வகுப்பில் ‘எங்கள் சுற்றுலா’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். அவன் ஏட்டில் இரண்டே வாக்கியங்கள் இருந்தன. ‘நாங்கள் பூங்காவுக்குப் போனோம். நான் சத்தம் போடவில்லை.’

அவன் என்னைக் குறை சொல்லவில்லை, வாசகர்களே. டீச்சர் சொன்னபடி நடந்துகொண்டேன் என்று தெரிவித்திருந்தான். அதுதான் என்னை அன்றிரவு தூங்க விடவில்லை.

பெரியவர் பக்கத்து நியாயம்

அந்தப் பெரியவர் மேல் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. அவர் சொன்னதில் நியாயம் உண்டு. சற்றுப் படித்துப் பார்த்தபோது, அந்த நியாயம் அவருடையது மட்டும் அன்று, பறவைகளுடையதும் கூட என்று தெரிந்தது.

ஏறக்குறைய செப்டம்பர் தொடங்கி மார்ச் வரை, நம் சிலாங்கூர்க் கடலோரச் சேற்று நிலங்களுக்குச் சைபீரியா போன்ற தொலைதூரக் குளிர் நாடுகளிலிருந்து கரையோரப் பறவைகள் வருகின்றன. சில இங்கே தங்கும், சில இளைப்பாறிவிட்டு ஆஸ்திரேலியா வரை போகும். வழிப்பயணத்துக்கு அவை கட்டிக்கொள்ளும் சோறு, உடம்பில் சேர்த்துக்கொள்ளும் கொழுப்புதான். கடல் வற்றிச் சேறு வெளிப்படும் சில மணி நேரத்துக்குள் புழுவும் நண்டும் தேடித் தின்றாக வேண்டும். அந்த நேரத்தில் நாம் கத்தினாலும் ஓடினாலும் அவை தின்பதை நிறுத்திவிட்டுப் பறக்கும். தின்ன வேண்டிய நேரமும் போகும், சேர்த்து வைத்த கொழுப்பும் கரையும். ஒருமுறை பறந்தால் பெரிய நட்டமில்லை. ஒரு நாளில் பத்துப் பள்ளிகள் வந்து பத்து முறை பறக்கவைத்தால் என்ன ஆகும்?

இன்னொன்றும் உண்டு. பறவைகள் குரலால்தான் துணையை அழைக்கின்றன, குஞ்சுகளை எச்சரிக்கின்றன. இரைச்சல் மிகுந்தால் ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்காது. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் செய்யப்பட்டு 2003இல் வெளியான ஓர் ஆய்வில், வாகன இரைச்சல் மிகுந்த இடங்களில் வாழும் சிட்டு இனப் பறவைகள் உயர்ந்த சுருதியில் பாடுவதைக் கண்டார்கள். சந்தைக் கடையில் நாம் குரலை உயர்த்திப் பேசுவதில்லையா? அதுபோலத்தான்.

பிள்ளைகள் பக்கத்து நியாயம்

இனி பிள்ளைகளின் பக்கம் வருவோம்.

நான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா பால்மரம் வெட்டினார். லயத்துக்கு முன்னால் பெரிய திடல். மாலையில் அங்கே நாங்கள் போட்ட கூச்சல் கிராணி வீடு வரை கேட்கும். யாரும் எங்களை அதட்டியதாக நினைவில்லை. வெயில் காலத்து நடுப்பகலில் ரப்பர்க் காய்கள் ‘படார் படார்’ என்று வெடித்துக் கொட்டைகள் தெறிக்கும். அந்தச் சத்தம் வந்த திசையைக் காதால் குறித்துக்கொண்டு ஓடிப் பொறுக்குவோம். கத்தவும் எங்களுக்கு இடம் இருந்தது, காது கொடுத்துக் கேட்கவும் இடம் இருந்தது.

இன்று அந்தத் தோட்டத்தில் ரப்பர் இல்லை. மரங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள். பிறகு அதில் ஒரு பகுதி வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. லயத்துக் குடும்பங்கள் பல அடுக்குமாடிக்குக் குடிபோயின. அங்கே பிள்ளை ஓடினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டுகிறார். வாகன நிறுத்துமிடத்தில் பந்து விளையாடினால் கண்ணாடி உடையும் என்று விரட்டுகிறார்கள். பள்ளிக்கு வந்தால் நான் 34 முறை சொல்கிறேன். அந்தப் பிள்ளை எங்கேதான் போய்க் கத்துவது?

விளையாட்டு என்பது நாம் கொடுக்கும் சலுகை அன்று. 1989ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தன. அதையும் விட்டுவிடுங்கள். புதிய ஒன்றைக் கண்டதும் ‘இதோ பார்’ என்று பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுவது பிள்ளையின் இயல்பு. அது அடங்காமை அல்ல. தான் கண்டதைப் பிறரும் காண வேண்டும் என்ற ஆசைதான். அந்த ஆசையை அடக்கிவிட்டுப் பிறகு ‘பிள்ளைக்கு இயற்கையில் நாட்டமே இல்லை’ என்று குறைப்படுவதில் பொருள் உண்டா?

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றால், பிழை எங்கே? பிழை என்னிடம் இருந்தது. வாயை மூடச் சொன்னேனே தவிர, காதுக்கு ஒரு வேலை கொடுக்கவில்லை.

மறுபடியும் போனோம்

அடுத்த ஆண்டு அதே பூங்காவுக்கு மறுபடியும் போனோம். இம்முறை என் ஏற்பாடு வேறாக இருந்தது.

முதலில் கத்த விட்டோம். ஆம், கத்த விட்டோம்! பஸ்ஸை நேரே பூங்காவுக்கு விடாமல், புக்கிட் மெலாவத்திக் குன்றின் மேலே, கலங்கரை விளக்கம் இருக்கும் பக்கத்தில், முக்கால் மணி நேரம் ஓடவும் பிடித்து விளையாடவும் விட்டோம். நாசி லெமாக் பொட்டலத்தையும் அங்கேயே பிரித்துப் பசியாறினோம். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் அடைந்து கிடந்த கால்களுக்கு அது தேவைப்பட்டது. வயிறு நிறைந்து, கால் ஓய்ந்த பிள்ளையை அமைதிப்படுத்துவது எளிது.

இரண்டாவதாக, கூட்டத்தைப் பிரித்தோம். ஆறு ஆறு பேராகக் குழுக்கள். பெற்றோர் சிலரும் உதவிக்கு வந்திருந்ததால் ஒவ்வொரு குழுவோடும் ஒரு பெரியவர் போக முடிந்தது. முப்பது பேர் மெல்லப் பேசினாலும் அது இரைச்சல். ஆறு பேர் சாதாரணமாகப் பேசினாலும் அவ்வளவு தொல்லையில்லை.

மூன்றாவதாக, காரணத்தைச் சொன்னோம். ‘சத்தம் போடாதே’ என்பதற்குப் பதில், யாருக்கு எது தொல்லை என்று விளக்கினோம். சேற்றில் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் நண்டுகள் உண்டு. நாம் தொப்பென்று கால் வைத்தால் தரையின் அதிர்வு தெரிந்து வளைக்குள் ஓடிவிடும், அசையாமல் நின்றால் சில நிமிடங்களில் வெளியே வரும். பறவைகளுக்குத் திடீர்க் கூச்சலும் வீசும் கையும் ஆகாது. அதே ஆற்றில் சற்று மேலே கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் கூடும் மின்மினிகளின் கதை வேறு. அவை ஒளியால் பேசிக்கொள்பவை. அவற்றுக்குக் கைவிளக்கும் புகைப்பட வெளிச்சமும்தான் பெரிய தொல்லை. அதனால்தான் அங்கே இருட்டில் துடுப்புப் படகில் அழைத்துப் போகிறார்கள். காரணம் தெரிந்ததும் பிள்ளைகளே ஒருவரை ஒருவர் கண்டித்துக்கொண்டார்கள். “டேய், மெல்லக் கால் வைடா, நண்டுக்குத் தெரிஞ்சிடும்!”

நான்காவதாக, காதுக்கு வேலை கொடுத்தோம். சதுப்புக் காட்டின் ஓரத்தில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். கேட்கும் ஒவ்வொரு புதுச் சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும். மூன்று நிமிடம். பேச வேண்டியது வந்தால் கையை உயர்த்தினால் போதும், நான் அருகில் வருவேன், காதில் சொல்லலாம்.

கண்ணைத் திறந்தபோது பலர் மூன்று, நான்கு விரல் மடக்கியிருந்தார்கள். மீன்கொத்தி, காற்று, தூரத்து மோட்டார் படகு, பக்கத்துப் பிள்ளையின் மூக்குறிஞ்சல்! சென்ற ஆண்டு நான் அதட்டிய பையன் இப்போது நான்காம் ஆண்டு. அவன் ஏழு விரல்களை மடக்கி வைத்துக்கொண்டு கையை உயர்த்தினான். அருகில் போய்க் குனிந்தேன்.

“டீ... டீச்சர், சே... சேத்துக்குள்ள யாரோ விரல் நொடிக்கிறாங்க.”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் கண்ணை மூடினேன். அப்போதுதான் கேட்டது. ‘டக்... டக்... டக்...’ ரப்பர்க் காய் வெடிப்பதைப் பொடியாக்கியதுபோல் ஒரு சத்தம். சேற்று வளைகளில் வாழும் ஒரு வகை இறால், தன் பெரிய கொடுக்கைச் சடாரென்று மூடும்போது அப்படி நொடிக்கும் என்று பூங்காவில் விளக்கம் சொல்ல வந்தவர் சொன்னார். அந்தக் காட்டோரத்தில் நான்கு பெரியவர்கள் இருந்தோம். எங்களில் ஒருவருக்கும் கேட்காதது அவனுக்குக் கேட்டது.

அவன் திக்குவது இன்னும் நிற்கவில்லை. ஒரு சுற்றுலாவில் எல்லாம் மாறிவிட்டது என்று நான் கதை கட்டப்போவதில்லை. ஆனால் அந்த ஆண்டுக் கட்டுரையில் அவன் பதினோரு வாக்கியங்கள் எழுதினான். ‘இறால்’ என்பதை ‘இரால்’ என்று எழுதியிருந்தான். மறுநாள் திருத்திக் கொடுத்தேன். அன்று மட்டும் அந்த ஏட்டில் சிவப்பு மை வைக்க மனம் வரவில்லை.

உங்களுக்குச் சில சொற்கள்

பெற்றோரே, அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவீர்கள். போகும் இடம் எத்தகையது என்று முதலில் பாருங்கள். பந்து விளையாட, பட்டம் விட, பிறந்தநாள் கொண்டாட வேண்டுமா? அதற்குப் பரந்த புல்வெளிகள் இருக்கின்றன. தைப்பிங் ஏரிப் பூங்கா பழைய ஈயச் சுரங்க நிலத்தில் உருவானது. அங்கே பிள்ளைகள் ஆசை தீர ஓடலாம். சிங்கப்பூர் வாசகர்களுக்குத் தாவரவியல் பூங்காவினுள்ளேயே 2007இல் திறக்கப்பட்ட ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டம் இருக்கிறது. உடன் குழந்தை வராவிட்டால் பெரியவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை! அதே பூங்காவின் வேறொரு பக்கத்தில் பூங்காவைவிடப் பழைமையான மழைக்காடு நிற்கிறது. விளையாடும் பிள்ளைக்கு ஓரிடம், காட்டின் அமைதிக்கு ஓரிடம் என்று ஒரே பூங்காவில் இரண்டும் இருப்பது நல்ல ஏற்பாடு அல்லவா?

பறவைகளுக்கென்று ஒதுக்கிய இடத்துக்குப் போவதானால், கோலசிலாங்கூர் ஆனாலும், சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஆனாலும், பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். சிறு கூட்டமாகப் போங்கள். கூவ ஆசைப்பட்டால் எப்படிக் கூவாமல் காட்டுவது என்று ஒரு கைச் சைகையைச் சொல்லிக் கொடுங்கள். அதையும் மீறி ஒருமுறை கூவிவிட்டால், அதட்டுவதற்கு முன் அவன் விரல் காட்டும் பக்கம் பாருங்கள். நான் பார்க்கத் தவறியதை நீங்கள் தவறவிடாதீர்கள்.

நம்மையும் சற்றுக் கவனிப்போம். பிள்ளையை அதட்டிவிட்டுக் கைப்பேசியில் பாட்டை உரக்க வைப்பவர் யார்? குரங்குக்கு ரொட்டி வீசி, அது பாய்ந்து வந்ததும் அலறுபவர் யார்? ஞாயிற்றுக்கிழமையன்று எந்தப் பூங்காவிலும் பார்க்கலாம், பிள்ளைகளின் சத்தத்தை விடப் பெரியவர்களின் சத்தமே அதிகம்.

அமைதி நாடிப் பூங்காவுக்கு வரும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைக் கண்டால் முகம் சுளிக்காதீர்கள். அந்தச் சீனப் பெரியவரை எங்கள் இரண்டாம் பயணத்தில் நான் காணவில்லை. கண்டிருந்தால் அந்தப் பையனை அவர் பக்கத்தில் உட்காரவைத்திருப்பேன். நாளைக்கு இந்தச் சதுப்பு நிலத்தை மூடி வீடு கட்ட வேண்டும் என்று யாரேனும் கிளம்பினால், ‘வேண்டாம்’ என்று சொல்ல ஆள் வேண்டும். சேற்றுக்குள் யாரோ விரல் நொடிப்பதைச் சிறு வயதில் கேட்டவன்தான் அன்று வாய் திறப்பான்.

என் பாடக் குறிப்பேட்டில் இப்போதும் அவ்வப்போது கோடு போட்டுப் பார்க்கிறேன். சென்ற வாரம் ஒரு நாள் 19 கோடுகள். இன்னும் குறைய வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை என்று நாளைக்கு எண்ணிப் பாருங்களேன்.

– தோட்டப் பள்ளி ஆசிரியை ஒருவர்